ஏரி நீரில் குளிரும் வளாகம்: கார்னெல் பல்கலைக்கழகமும் காயூகா ஏரியும் – நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கார்னெல் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், இத்தாக்கா நகருக்கு மேலே ஒரு குன்றில் இருக்கிறது. குன்றடியில் காயூகா ஏரியின் தென்முனை. அங்கிருந்து ஏரி வடக்கே சுமார் 61 கி.மீ. நீள்கிறது. அதிகபட்ச ஆழம் 130 மீட்டருக்கு மேல். ஆனால் தென்முனையில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு ஆழம் 6 மீட்டரைத் தாண்டுவது அரிது. இந்த ஆழமற்ற பகுதியில்தான் பெரிய ஓடைகள் வந்து கலக்கின்றன. இரண்டு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் நீரும் இங்கேதான் விழுகிறது. பூங்காவும் படகுத்துறையும் இங்கேதான். சற்று வடக்கே, கிழக்குக் கரையிலிருந்து சுற்றுவட்டார ஊர்களுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். இந்த நில அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் தகராறு புரியும்.

வளாகத்தின் ஆய்வகங்கள், நூலகங்கள், கணினி அறைகள் எல்லாம் ஒரு பொதுக் குளிர்நீர்க் குழாய் வலையில் இணைந்திருந்தன. மின் சில்லர்கள் நீரைக் குளிரவைக்கும். அந்த நீர் கட்டிடங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். கோடையில் தேவை உச்சத்துக்குப் போகும். ஆய்வகக் கருவிகள் ஓடுவதால் குளிர்காலத்திலும் தேவை முழுவதுமாக நின்றுவிடாது.

1990களின் நடுவில் இரண்டு நெருக்கடிகள் சேர்ந்து வந்தன. பழைய சில்லர்கள் பல குளோரோஃபுளூரோகார்பன் வாயுவில் ஓடின. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, அந்த வாயுக்களின் உற்பத்தி 1996 தொடக்கத்தில் அமெரிக்காவில் நின்றுபோனது. ஆகவே சில்லர்களை மாற்றியே ஆக வேண்டும். கூடவே, புதிய கட்டிடங்களால் குளிரூட்டல் தேவையும் ஏறிக்கொண்டிருந்தது.

## ஏரியில் கவனித்தது

நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். குளிர்காலத்தில் காயூகா ஏரி மேலிருந்து கீழ்வரை கலந்து குளிர்கிறது. கோடை வந்ததும் மேல்நீர் சூடாகி, லேசாகி, மேலேயே தங்கிவிடுகிறது. அடிநீர் அதற்குக் கீழே அகப்பட்டு, ஆகஸ்டிலும் 4, 5 டிகிரியிலேயே கிடக்கிறது. கட்டிடங்களுக்கு வேண்டியது 7 டிகிரி நீர். அதை மின்சாரம் போட்டுச் செய்வதா, ஏற்கெனவே கிடப்பதைப் பயன்படுத்துவதா என்பதே கேள்வி.

சாதாரண சில்லர் நிலையத்தில் ஒரு டன் குளிரூட்டலுக்கு, அதாவது 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற, பம்ப், கூலிங் டவர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 0.7 முதல் 0.8 கிலோவாட் மின்சாரம் போகும். ஏரிநீர் முறையில் கம்ப்ரசரே கிடையாது. பம்புகளுக்கு மட்டும்தான் செலவு. அது டன்னுக்கு 0.1 கிலோவாட்டை ஒட்டி வரும்.

## எடுத்த முடிவும் காரணமும்

புதிய வாயுவில் ஓடும் சில்லர்களை வாங்குவது முதல் வழி. உடனடிச் செலவு குறைவு. ஆனால் சில பத்தாண்டுகளில் மறுபடியும் மாற்ற வேண்டும், மின்கட்டணமும் குறையாது. இரவில் குளிர்நீரைச் சேமித்துப் பகலில் செலவிடும் பெரிய தொட்டி ஏற்கெனவே இருந்தது. அது உச்சநேரச் சுமையைத் தள்ளிவைக்கும், மொத்த மின்செலவை அவ்வளவாகக் குறைக்காது. மூன்றாவதான ஏரி வழிக்கு ஏறத்தாழ 6 கோடி டாலர் தேவைப்பட்டது. நிலத்தடியிலும் நீரடியிலும் கிடக்கும் குழாய்க்குச் சில்லரைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆயுள் உண்டு என்பதாலும், எந்தக் குளிர்பதன வாயு எப்போது தடைசெய்யப்படும் என்ற கவலை அதோடு தீரும் என்பதாலும் பல்கலைக்கழகம் இந்த வழியைத் தேர்ந்தது. வருடக் கணக்கில் பார்க்கும் நிறுவனத்துக்கு இது சரிப்படாது. நூற்றாண்டுக் கணக்கில் பார்க்கும் நிறுவனத்துக்குச் சரிப்படும்.

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரானது, பொதுக் கருத்துக் கேட்பு நடந்தது, 1998இல் மாநில அரசின் வெளியேற்ற அனுமதி கிடைத்தது. 1999இல் வேலை தொடங்கி, 2000 ஜூலையில் நிலையம் ஓடத் தொடங்கியது.

## அமைப்பு எப்படி வேலை செய்கிறது

கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. தள்ளி, ஏறத்தாழ 76 மீட்டர் ஆழத்தில் உள்ளிழு வாய் இருக்கிறது. அடிச்சேற்றை உறிஞ்சாமல் இருக்க, தரையிலிருந்து சில மீட்டர் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். குழாய் 63 அங்குல விட்டமுள்ள ஹெச்.டி.பி.இ. இந்தப் பிளாஸ்டிக் தண்ணீரைவிட லேசு. அதனால் துண்டுகளை உருக்கி ஒட்டி, மிதக்கவிட்டு இழுத்துப்போய், கான்கிரீட் பட்டைகளின் எடையில் மூழ்கடிக்க முடிகிறது. முக்குளிப்பவர் ஆழத்துக்கு இறங்கி மூட்டுப் போட வேண்டிய வேலை பெருமளவு மிச்சம்.

உள்ளிழு வாயில் ஒரு விளக்கு வைத்திருப்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆழநீரில் மைசிஸ் என்ற சிறு இறால் வகை வாழ்கிறது. மீன்களுக்கு அது முக்கிய உணவு. பகலில் அடியில் கிடந்து, இருட்டியபின் மேலே வரும் பிராணி அது, வெளிச்சம் ஆகாது. அடியாழத்தின் நிரந்தர இருட்டில் குழாய் வாயருகே ஒரு விளக்கு எரிந்தால் அது விலகிப்போகும். வலையை மட்டும் நம்பியிருந்தால் குஞ்சுகள் வலையில் ஒட்டிச் சாகும், வலையும் அடைக்கும்.

ஏரிநீர் குன்றின்மேல் ஏறுவதே இல்லை. இந்த வடிவமைப்பின் சாரம் இங்கேதான். கரையோரத்தில் வெப்பப் பரிமாற்ற நிலையம் இருக்கிறது. அங்கே வரிசையாக அடுக்கிய மெல்லிய துருப்பிடிக்கா எஃகுத் தகடுகளின் ஒரு பக்கம் ஏரிநீரும் மறுபக்கம் வளாகத்தின் நீரும் ஓடும். இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் கைமாறும். வளாக நீர் சுமார் 15 டிகிரியில் இறங்கி வந்து, 7 டிகிரியில் ஏறிப்போகிறது. ஏரிநீர் 4, 5 டிகிரியில் உள்ளே வந்து, 9 முதல் 13 டிகிரியில் வெளியேறுகிறது. இரு நீருக்கும் இடையே இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தில் வெப்பத்தை மாற்ற வேண்டியிருப்பதால்தான் தகடு வகை. பழைய கூடு-குழல் வகையில் இதே வேலைக்குப் பன்மடங்கு இடமும் உலோகமும் போகும்.

வளாகப் பக்கத்து வளையம் மூடியது. நூறு மீட்டருக்கு மேல் உயரம் இருந்தாலும், இறங்கும் நீரின் எடை ஏறும் நீரைச் சமன்செய்வதால் பம்ப் உராய்வை மட்டும் வென்றால் போதும். இதற்குக் கொடுக்கும் விலை, அடியில் உள்ள தகடுகளும் வால்வுகளும் எந்நேரமும் 10 பாருக்கு, அதாவது காற்றழுத்தத்தைப் போல் பத்து மடங்குக்கு, மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது. ஏரிநீரையே மேலே ஏற்றியிருந்தால் அந்த உயரத்துக்கான மின்செலவே சேமிப்பில் பெரும்பகுதியை விழுங்கியிருக்கும்.

இப்படிப்பட்ட அமைப்புகள் சறுக்குவது பெரும்பாலும் ஏரியில் அல்ல, கட்டிடங்களுக்குள். காற்றுக் குளிரூட்டும் பெட்டிகளில் பழைய மூவழி வால்வுகள் இருந்தால், பயன்படாத குளிர்நீர் நேராகத் திரும்பு குழாயில் கலந்துவிடும். 15 டிகிரியில் வர வேண்டிய நீர் 11 டிகிரியில் வந்தால் ஒவ்வொரு லிட்டரும் சுமக்கும் வெப்பம் பாதியாகிறது. அதே குளிர்ச்சிக்கு இரண்டு மடங்கு நீர் ஓட வேண்டும். ஓட்டம் இரட்டித்தால் உராய்வை வெல்லும் பம்ப் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்கு. அதனால் இருவழி வால்வுக்கு மாறுவதும், ஒவ்வொரு கட்டிடத்திலும் திரும்பும் நீரின் வெப்பநிலையை அளப்பதும் குழாய் போடுவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலைகள்.

குழாய் மேலேறும் வழியில் இருக்கும் இத்தாக்கா மேல்நிலைப் பள்ளிக்கும் இதே வளையத்திலிருந்து குளிர்ச்சி கொடுக்கப்பட்டது. ஊருக்கு நேரடியாகக் கிடைத்த பலன் இது.

## பலன்

குளிரூட்டலுக்கான மின்சாரம் ஏறத்தாழ 86 சதவீதம் குறைந்தது. வருடத்துக்கு 2 கோடி யூனிட்டுக்கு மேல் மிச்சம். பழைய சில்லர்களில் சில, கொடும் வெயில் நாட்களுக்கான துணையாக மட்டும் நின்றன. நான்கு ஆண்டுகளில் கனடாவின் டொரான்டோவும் ஒன்டாரியோ ஏரியின் ஆழநீரைக் கொண்டு நகர்மையத்தைக் குளிர்விக்கத் தொடங்கியது. ஆனால் அங்கே பயன்படுத்திய நீர் ஏரிக்குத் திரும்பவில்லை. குடிநீர் வழங்கலுக்குப் போகிறது. இந்த வேற்றுமைதான் கார்னெலின் தலைவலி.

## எழுந்த எதிர்ப்பு

பயன்படுத்திய நீரை எங்கே விடுவது? கரையிலிருந்து சுமார் 150 மீட்டரில், ஏறத்தாழ 3 மீட்டர் ஆழத்தில், பல துளைகளுள்ள பரப்பு குழாய் வழியாகத் தென்முனையின் ஆழமற்ற பகுதியில் விட்டார்கள். குழாய் நீளமும் செலவும் குறைவு.

கரையோரவாசிகளிடையே முதலில் பரவிய அச்சம் ஏரி சூடாகிவிடும் என்பது. இது கணக்கில் நிற்காது. முழுத் திறனில் நிலையம் தள்ளும் வெப்பம் சுமார் 70 மெகாவாட். ஏரியின் பரப்பு சுமார் 170 சதுர கி.மீ. சதுர மீட்டருக்கு அரை வாட்டுக்கும் குறைவு. கோடையில் சூரியன் அதே சதுர மீட்டரில் பகலிரவுச் சராசரியாக 200 வாட்டுக்கு மேல் கொட்டுகிறது. தவிர, ஜூலையில் வெளியேற்ற நீர் அங்குள்ள மேல்நீரைவிடக் குளிர்ச்சியானது.

கணக்கில் நின்றது பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ். செத்து மூழ்கும் பாசியிலிருந்து கரையும் பாஸ்பரஸ் அடிநீரில் சேர்கிறது. இருட்டில் கிடக்கும்வரை அதனால் கேடில்லை. குழாய் அதை வெளிச்சமுள்ள, ஆழமற்ற, கோடைக்கால இளஞ்சூட்டு நீருக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. அனுமதிக்கப்பட்ட உச்ச ஓட்டம் நாளுக்கு 4.6 கோடி கேலன், அதாவது சுமார் 17 கோடி லிட்டர். லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் என்று வைத்தாலும் நாளுக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் வருகிறது.

தென்முனைக்கு வரும் மொத்த பாஸ்பரஸில் இது சிறு பங்கு என்பது பல்கலைக்கழகத்தின் பதில். அது உண்மைதான். ஆனால் எதிர்த்தவர்கள் எழுப்பிய கேள்வி நுட்பமானது. மழைக்குப் பின் ஓடைகள் கொண்டுவரும் பாஸ்பரஸில் பெரும்பகுதி மண்துகளில் ஒட்டியது. பாசியால் எளிதில் எடுக்க முடியாது. குழாயிலிருந்து வருவதில் கரைந்த, உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு அதிகம். மேலும் ஓடைகள் அதிகம் கொட்டுவது வசந்தகால வெள்ளத்தில். குழாய் அதிகம் கொட்டுவது பாசி வளரும் கோடையில், ஓடைகள் வற்றியிருக்கும்போது. ஆண்டுச் சராசரியில் சிறிதாகத் தெரிவது ஆகஸ்டு மாதத்தில் அவ்வளவு சிறிதாக இருக்காது.

மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. பலத்த தெற்குக் காற்று அடித்தால் மேல்நீர் வடக்கே தள்ளப்பட்டு, அதை ஈடுகட்ட ஆழநீர் தானாகவே தென்முனையில் மேலெழும். ஏரி தன் போக்கில் செய்வதும் குழாய் செய்வதும் ஒரே மாதிரியானது. ஆழமற்ற பகுதியின் நீர் வேகமாக மாறிக்கொண்டும் இருக்கிறது. அங்கே விழுந்த பாஸ்பரஸ் பாசியாக வளரும் முன்பே பெரும்பாலும் வெளியே கலந்துவிடும்.

## கண்காணிப்பு, அனுமதி, இழுபறி

1998 முதல் ஆழமற்ற பகுதியின் பல இடங்களில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை முறைப்படி அளந்தார்கள்: மொத்த பாஸ்பரஸ், கரைந்த பாஸ்பரஸ், பாசியின் பச்சையம், கலங்கல், வெப்பநிலை, வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்க்கும் தெளிவு. செலவு பல்கலைக்கழகத்துடையது. நிலையம் தொடங்குமுன் கிடைத்தவை இரண்டே கோடைகள். மழை அதிகமான ஆண்டுக்கும் வறண்ட ஆண்டுக்கும் இடையே இந்த அளவுகள் வெகுவாக மாறுவதால், பின்னால் வந்த ஏற்றத்தாழ்வு குழாயாலா, மழையாலா என்று இரண்டு கோடைகளை வைத்துத் தீர்க்க முடியாது. ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு இரு தரப்பும் எதிரெதிர் முடிவுக்கு வந்தன.

2002இல் ஏரியின் தென்முனையை, பாஸ்பரஸும் வண்டலும் மிகுந்த, தரம் குன்றிய நீர்நிலையாக மாநில அரசு பட்டியலிட்டது. குழாய்க்கு முன்பே அங்கிருந்த பிரச்சினைதான் இது. ஆனால் பட்டியலில் ஏறியபின், புதிதாக வரும் ஒவ்வொரு கிராமுக்கும் சட்டப்படி பதில் சொல்ல வேண்டும். ஐந்தாண்டு அனுமதி பின்னர் முடிந்தது. புது அனுமதி கிடைக்காமல் பழையதன் நீட்டிப்பிலேயே நிலையம் பல ஆண்டுகள் ஓடியது. அந்த இடைவெளியில் இரு கழிவுநீர் நிலையங்களும் பாஸ்பரஸை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்பைச் சேர்த்தன. தென்முனையில் கண்ணுக்குத் தெரிந்த பெரிய குறைப்பு அதுதான்.

2013இல் வந்த புது அனுமதி முதன்முறையாக ஒரு எண்ணை வைத்தது: பாஸ்பரஸ் நாளுக்கு 6.4 பவுண்டு, சுமார் 2.9 கிலோ, இடைக்கால வரம்பு. கூடவே, ஏரி முழுவதற்கும் கணினி மாதிரி உருவாக்கும் ஆய்வுக்குப் பல்கலைக்கழகமே பணம் கொடுக்க வேண்டும், வெளியேற்றத்தை ஆழமான இடத்துக்கு மாற்ற முடியுமா என்றும் ஆராய வேண்டும் என்ற நிபந்தனைகள்.

இந்த ஆய்வில் மொத்த பாஸ்பரஸோடு, பாசி எடுத்துக்கொள்ளக்கூடிய பாஸ்பரஸையும் தனியே கணக்கிட்டார்கள். அப்படிப் பார்த்தாலும் மிகப்பெரும் பங்கு ஓடைகள் வழியே, வயல்களிலிருந்தும் நிலங்களிலிருந்தும் வருவதாகவே தெரிந்தது. எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி சரி, எதிர்பார்த்த விடை மட்டும் வரவில்லை. ஆனால் அந்த விடை நிலையம் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து வந்தது. 2017இல் ஏரியில் நச்சு நீலப்பச்சைப் பாசி உறுதிப்பட்டபோது பழைய சந்தேகம் புதுப்பித்துக்கொண்டது. ஏரி முழுவதற்குமான பாஸ்பரஸ் வரம்புத் திட்டத்தின் வரைவை மாநில அரசு 2021இல் வெளியிட்டது.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

வெளியேற்றும் இடத்தைக் குழாய்ச் செலவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. இங்கே நீளமான வெளியேற்றக் குழாய்க்கு ஆகியிருக்கும் கூடுதல் செலவை, பின்னால் ஆய்வுக்கும் வழக்கறிஞருக்கும் அனுமதி இழுபறிக்கும் ஆன செலவோடு ஒப்பிட வேண்டும். பாசி வளராத இடை ஆழத்தில், அந்த ஆழத்து நீருக்கு நெருங்கிய வெப்பநிலையில் விட்டிருந்தால், பாஸ்பரஸ் மீண்டும் இருட்டிலேயே தங்கியிருக்கும்.

தொடக்கநிலை அளவீடு ஐந்து கோடைகளாவது வேண்டும். அதில் மழை மிகுந்த ஆண்டு ஒன்றும் வறண்ட ஆண்டு ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். பாசி எடுத்துக்கொள்ளக்கூடிய பாஸ்பரஸை முதல் நாளிலிருந்தே தனியாக அளக்க வேண்டும். பணம் பல்கலைக்கழகம் கொடுக்கலாம், ஆனால் மாதிரி எடுப்பவரைத் தேர்ந்தெடுப்பது ஊராட்சிகளும் குடிநீர் வாரியமும் சேர்ந்த குழுவாக இருப்பது நல்லது. இன்ன இடத்தில், இன்ன மாதத்தில், இந்த அளவு தாண்டினால் ஓட்டத்தை இவ்வளவு குறைத்துத் துணைச் சில்லர்களை ஓட்டுவோம் என்று கட்டுவதற்கு முன்பே எழுதிக் கையொப்பமிட வேண்டும். துணைச் சில்லர்கள் இருந்தன. எப்போது ஏரிக்காக அவற்றை ஓட்டுவது என்ற ஒப்பந்தம்தான் இல்லை.

குழாயைப் பொறுத்தவரை, உள்ளே தேய்த்துச் செல்லும் உருளையைச் செலுத்தவும் எடுக்கவும் வசதியாக இரு முனைகளும் அமைய வேண்டும். காரணம், குழாயில் ஒட்டி வளரும் சிப்பிகள். வரிக்குதிரைச் சிப்பி ஆழமற்ற நீரோடு நின்றுகொள்ளும். அதன் உறவான குவாகா சிப்பி குளிர்ந்த ஆழத்திலும் ஒட்டி வளரும்.

நம் ஊர் வளாகங்களில் இது நடக்குமா என்றால், ஏரிகளில் நடக்காது. அடிநீர் அந்த ஊரின் குளிர்காலம் எவ்வளவு குளிரோ அவ்வளவுதான் குளிரும். தமிழ்நாட்டு நீர்த்தேக்கம் எவ்வளவு ஆழமானாலும் 4 டிகிரிக்கு வராது. கடலில் மட்டும் வாய்ப்புண்டு. லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் இயங்கும், சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்த குடிநீர் ஆலை, 350 மீட்டர் ஆழத்திலிருந்து சுமார் 12 டிகிரி நீரை இழுக்கிறது. கடலடி செங்குத்தாகச் சரியும் தீவுகளில் இது எளிது. சென்னைக் கரையில் அந்த ஆழத்துக்குப் பல பத்துக் கிலோமீட்டர் போக வேண்டும்.

குளிரூட்டலுக்கு வழி கண்டபின் கார்னெலுக்கு மிஞ்சியது வளாகத்தைச் சூடாக்கும் வேலை. 2011இல் நிலக்கரியை நிறுத்தி இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. 2035க்குள் நிகரக் கரியமில உமிழ்வை இல்லாமல் செய்வது இலக்கு. பாறையின் சூட்டைக் கொண்டு வளாகத்தைச் சூடாக்கலாமா என்று பார்க்க, 2022இல் வளாகத்திலேயே ஏறத்தாழ 3 கி.மீ. ஆழத்துக்குச் சோதனைத் துளை போட்டார்கள். இம்முறை, துளையிடும் இயந்திரம் வருவதற்கு முன்பே சுற்றுவட்டாரத்தில் நில அதிர்வுப் பதிவுக் கருவிகளை நிறுத்தி அளக்கத் தொடங்கியிருந்தார்கள்.